மெழுகு பூசிய கெமரா பை: நாலு வருட அனுபவம்

"அந்தக் கேன்வஸ் பை விலை இறங்கியிருக்கு, வாங்கலாமா அண்ணா?" என்று போன வாரம் மஸ்கெலியாவிலிருந்து ஒரு தம்பி கேட்டான். நாலு வருடமாக அதே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கல்யாண வீடு, தேர்த்திருவிழா என்று அலைகிறவன் நான். கேட்ட நேரம்தான் சரியில்லை. பங்கஸ் (பூஞ்சணம்) பிடித்த லென்ஸைத் துப்புரவாக்கக் கொடுத்துவிட்டு வந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை.

பையோடு ஒரு மழையுறை தந்தார்கள். அதன் உட்பக்கம் பொலியூரத்தேன் என்ற பிளாஸ்டிக் பூச்சு. ஈரத்தில் கிடந்து கிடந்தே சிதைகிற சாதி அது. மூன்றாம் வருடம் பிசுபிசுத்துச் செதில் செதிலாக உரிந்தது. துணியில் தண்ணீர் ஒட்டாமலிருக்கக் கடையில் விற்கும் ஸ்பிரே ஒரு மழைக்காலம் தாங்கியது. தோள் உரசும் இடத்தில்தான் முதலில் விட்டுப்போயிற்று.

அப்புறம்தான் மெழுகு. மூன்று பங்கு மெழுகுதிரி, ஒரு பங்கு தேன்மெழுகு. மெழுகுதிரியை மட்டும் உருக்கிப் பூசினால் நுவரெலியாக் குளிரில் மடிப்பெல்லாம் வெடித்து வெள்ளைக் கோடு விழும்; தேன்மெழுகு சேர்ந்தால் வளைந்து கொடுக்கும். டின்னைக் கொதிநீர்ச் சட்டிக்குள் வைத்துத்தான் உருக்க வேண்டும், நேரே அடுப்பில் வைத்தால் தீப்பிடிக்கும். உள்ளே இருக்கும் பஞ்சுத் தடுப்புகளைக் கழற்றிவிட்டுத் தூரிகையால் மெல்லியதாகத் தடவி, ஹேர் டிரையரால் சூடு காட்டினால் மெழுகு நூலுக்குள் இறங்கும். பருத்திக் கேன்வஸுக்குத்தான் இந்த வித்தை. நைலோன் பையில் மேலாக ஒட்டிக்கொண்டு உதிரும்.

பூசிய அன்றைக்கே நல்லதண்ணி ஊர்ப் பக்கம் ஒரு மழை. சேம்பிலையில் உருளுவது போலத் தண்ணீர் உருண்டு ஓடியது. துணி கறுத்து, பழைய தோல் மாதிரி ஒரு பளபளப்பு. சத்தியமாகச் சொல்கிறேன், காசு கொடுத்து வாங்கிய எந்தப் பொருளும் எனக்கு அவ்வளவு சந்தோஷம் தந்ததில்லை. அம்மாதான் சிரித்தார். கொழுந்தெடுக்கப் போய் முப்பது வருடம் மழையில் நின்றவர். "உர மூட்டைக்குள்ள இருக்கிற பொலித்தீன சுத்தினா முடிஞ்சிச்சே, இதுக்குப் போயி மெழுகுதிரிய உருக்கிறியே!"

எரிச்சல் எங்கே என்றால், தையலில். வலது கீழ்மூலையில் அந்த ஒரு தையல். துணிக்கு எவ்வளவு மெழுகு பூசினாலும் ஊசி போன ஓட்டை ஓட்டைதான். சிப்பின் பல்லும் அப்படித்தான். மெழுகு தேய்த்தால் வழுக்கிக்கொண்டு திறக்கும், தண்ணீரை நிறுத்தாது. எங்கள் பக்கத்து மழைக்கு மேல் கீழ் கிடையாது. வைகாசியிலிருந்து ஆவணி வரை பக்கவாட்டில் அடிக்கும், மூட்டமாக வந்து உட்காரும். மூலைத் தையல் வழியாக உறிஞ்சிய தண்ணீரை உள்ளே இருக்கும் பஞ்சு குடித்துவிடும். வெளியே தொட்டால் காய்ந்த மாதிரியே இருக்கும், அதுதான் கொடுமை. மெழுகு பூசாத காலத்தில் நனைந்தது கண்ணுக்குத் தெரிந்தது, வீட்டுக்கு வந்ததும் பிரித்துக் காயப்போட்டேன். மெழுகு பூசிய பிறகு பையை நம்பி மூடி வைத்தேன். உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லை. லென்ஸுக்குள் பங்கஸ் சிலந்திவலை மாதிரிப் படர்ந்திருப்பதைக் கடைக்காரர் டோர்ச் அடித்துக் காட்டினார்.

ஒருமுறை புத்திசாலித்தனமாக அடுப்புக்கு மேலே தொங்கவிட்டேன். மெழுகு சாம்பலில் சொட்டியது, பையில் இன்றைக்கும் புகை வாடை. மணப்பெண் ஒருத்தி மூக்கைச் சுளித்தாள்.

நியாயமாகப் பார்த்தால் பையில் பெரிய குறை இல்லை. வார் உறுதி, கொக்கி துருப்பிடிக்கவில்லை, துணி ஒரு இடத்திலும் கிழியவில்லை. தையல் மேல் பூசுகிற பசையை உட்பக்கமாகத் தடவியிருந்தால் பாதித் தொல்லை குறைந்திருக்கும். அதை நான் செய்தது லென்ஸ் போன பிறகு. இப்போது கெமராவைப் பொலித்தீனில் சுற்றித்தான் பைக்குள் வைக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் வெளியே எடுத்து, சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவுக்கு மாற்றிவிடுகிறேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார்.

தம்பிக்கு "வாங்காதே" என்று எழுதி அனுப்பிவிட்டேன். "நீங்க மாத்திட்டீங்களா?" என்று கேட்டிருக்கிறான். இன்னும் பதில் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மழை விட்டால் அடுத்த பூச்சு பூச வேண்டும், தேன்மெழுகு வாங்கி வைத்திருக்கிறேன்.