முழு ரத்தமா, சிவப்பணு மட்டுமா?

"ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்தணும்" என்று டாக்டர் சொன்னதும் உறவினர்கள் ரத்த வங்கிக்கு ஓடுவார்கள். அங்கே 'பேக்டு செல்' பையை, அதாவது சிவப்பணுவை மட்டும் பிரித்தெடுத்த பையை நீட்டினால் பலருக்கு மனசு ஒப்பாது. முழு ரத்தத்தில்தான் சத்து இருக்கிறது, பிரித்தெடுத்ததில் ஏதோ குறைகிறது என்று நினைக்கிறார்கள். ரத்தசோகைக்கு ஏற்றுவதென்றால் அந்த நினைப்பு தவறு.

தானம் செய்த பையை இயந்திரத்தில் வேகமாகச் சுழற்றி எடுத்தால் மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா தெளிந்து நிற்கும். நடுவில் வெள்ளையணுக்களும், ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டுகளும் மெல்லிய வெண்படலமாகத் தெரியும். அடியில் கருஞ்சிவப்பாகச் சிவப்பணுக்கள். மொத்தத்தில் ஏறக்குறைய 55 சதவீதம் பிளாஸ்மா. அதிலும் பெரும்பகுதி தண்ணீர். ஆக்சிஜனைச் சுமக்கும் வேலை முழுக்க அடியில் இருக்கும் சிவப்பணுக்களுடையதுதான். உட்கரு கூட இல்லாமல், உடம்பெல்லாம் ஹீமோகுளோபினை நிரப்பிக்கொண்டு சுமார் 120 நாள் ஓடும் செல்கள் அவை.

350 மில்லி தானத்தில், உறையாமலிருக்கச் சேர்க்கும் திரவத்தோடு முழு ரத்தப் பை ஏறக்குறைய 400 மில்லி வரும். அதே தானத்திலிருந்து பிரித்த சிவப்பணுப் பை 250 மில்லி அளவுதான். ஆனால் இரண்டிலும் இருக்கும் சிவப்பணு கிட்டத்தட்ட ஒன்றே. எதை ஏற்றினாலும் பெரியவர்களுக்கு ஒரு பைக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்குச் சுமார் 1 கிராம்தான் ஏறும்.

மாதக்கணக்கில் மெல்ல ரத்தசோகை வந்தவருக்கு இந்த வித்தியாசம் உயிர் போகிற விஷயம். அவர் உடம்பு குறைந்த சிவப்பணுவுக்கு ஈடாகப் பிளாஸ்மாவை ஏற்கெனவே கூட்டி வைத்திருக்கும். இதயமும் ஓய்வில்லாமல் அடித்துக்கொண்டிருக்கும். அதன்மேல் இன்னும் பிளாஸ்மாவை ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். வயதானவர்களுக்கும் நிறைமாதக் கர்ப்பிணிகளுக்கும் இந்த ஆபத்து அதிகம். இவர்களுக்குச் சிவப்பணு மட்டும் போதும், அதையும் மெதுவாக ஏற்ற வேண்டும். பிரிக்கும் வசதியில்லாத ஊரில் முழு ரத்தம்தான் கிடைக்கிறதென்றால், நீர் பிரியும் மருந்தோடு, நான்கு மணி நேரத்துக்குள் முடியும்படி நிதானமாக ஏற்றுவார்கள்.

விபத்திலோ பிரசவத்திலோ ரத்தம் கொட்டுகிறபோது கதை வேறு. அங்கே போவது எல்லாமும் சேர்ந்துதான். சிவப்பணுவையும் சலைனையும் மட்டும் ஏற்றிக்கொண்டிருந்தால் உறைய வைக்கும் பொருட்கள் நீர்த்துப்போய் கசிவு நிற்காது. முழு ரத்தத்துக்கு நியாயம் இருக்கும் இடம் இது. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்க்களங்களில் அமெரிக்க ராணுவ மருத்துவர்கள் சக வீரர்களிடமிருந்தே எடுத்துச் சுடச்சுட ஏற்றியிருக்கிறார்கள். ஆனால் குளிரில் வைத்த பையில் சில நாளிலேயே பிளேட்லெட் வலுவிழந்துவிடும், உறைவுப் புரதங்களில் சிலவும் குறையும். எச்ஐவி, மஞ்சள் காமாலைப் பரிசோதனைகள் முடியாமல் பையை வெளியே விடவும் கூடாது. அதனால் பெரிய மருத்துவமனைகளில் சிவப்பணு, பிளாஸ்மா, பிளேட்லெட் மூன்றையும் தனித்தனியாக எடுத்து ஈடான விகிதத்தில் ஏற்றுகிறார்கள். வசதி இருந்தால் எனக்கும் இதுவே சரியாகப் படுகிறது.

குரூப் விஷயத்திலும் சிவப்பணுப் பை கைகொடுக்கும். முழு ரத்தத்தில் பிளாஸ்மாவின் எதிர்ப்புப் பொருட்களும் கூடவே வருவதால் அதே குரூப்பைத்தான் தேடுவார்கள். ஓ குரூப் சிவப்பணுவை அவசரத்தில் மற்ற குரூப்காரருக்கும் ஏற்றலாம். ஆர்எச் (பாசிட்டிவ், நெகட்டிவ்) பொருத்தம் மட்டும் பார்க்க வேண்டும்.

ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை நோயான தலசீமியா கடுமையாக உள்ள குழந்தைகளுக்கு ஆயுள் முழுக்க ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். அவர்களுக்கு முழு ரத்தம் வேண்டவே வேண்டாம். வெள்ளையணு வடிகட்டிய சிவப்பணுப் பை கிடைக்குமா என்று கேட்டு வாங்குங்கள். காய்ச்சல், குளிர் நடுக்கம் குறையும்.