ஒட்டுத்துணியா, பூத்தையலா?

சேலம் கோட்டைப் பகுதியில் மாரியம்மன் கோயிலும் உண்டு, ஜாமியா மசூதியும் உண்டு. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவப் பெண்கள் சேர்ந்து ஒரு விரிப்பு தைக்க ஒட்டுத்துணி (துண்டுத் துணிகளை இணைத்துத் தைப்பது) நல்லதா, பூத்தையல் (துணிமேல் நூலால் பூவேலை செய்வது) நல்லதா என்று கேட்கிறார்கள்.

செலவு: ஒட்டுத்துணிக்குப் பழைய சேலை, துப்பட்டா போதும். பூத்தையலுக்குக் காடாத்துணி, நூல்கண்டு, துணியை இழுத்துப் பிடிக்கும் வளையம் வாங்கணும்.

உறுதி: பழைய துணி மடிப்பில் கிழியும், பின்னால் காடா கொடுத்துத் தைக்கணும். சாயம் போகுமா என்று முதலில் நனைத்துப் பாருங்கள்.

பேச்சு: எனக்கு இதுதான் முக்கியம். ஒட்டுத்துணியில் அவரவர் துண்டு அவரவர் வீட்டிலேயே முடிந்துவிடும். பூத்தையலில் ஒரே துணியைச் சுற்றி உட்கார்ந்து சங்கிலித்தையல் போட்டால் முழங்கால்கள் இடிக்கும், "அக்கா, நோன்புல தண்ணிகூடக் குடிக்க மாட்டீங்களா?" என்ற கேள்வி தானாக வரும்.

ஒரே நாள் பள்ளி விழாவுக்கு ஒட்டுத்துணி. பழகிப் புரிந்துகொள்ள, வாரக்கணக்கில் இழுத்தாலும் பூத்தையல்தான்.