பழைய பெட்ரோலை எடுக்க வாங்கிய கை பம்பு: நல்ல பொருள், ஆனால் டேங்கின் அடிக்கு எட்டாது

டியூபை வாயில் வைத்து உறிஞ்சிப் பெட்ரோல் எடுக்கும் பழக்கம் நம் ஊர்களில் இன்னும் ஒழியவில்லை. அதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஒரு வாய் பெட்ரோல் உள்ளே போனால் வயிற்றைவிட நுரையீரலுக்குத்தான் பெரிய ஆபத்து. புரையேறிச் சிறிதளவு மூச்சுக்குழாயில் இறங்கினாலே நுரையீரல் புண்ணாகி வீங்கிவிடும். விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்கக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வதும் இதனால்தான். சில நூறு ரூபாய்க்குக் கை பம்பு கிடைக்கும்போது இந்த விபரீதம் எதற்கு?

அப்பாவின் பழைய மாருதி 800, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் உள்ள கார், நெடுங்காலம் கொட்டகையில் நின்றிருந்தது. அதன் டேங்கைக் காலி செய்யத்தான் இந்தப் பம்பை வாங்கினேன். கடையில் இரண்டு வகை காட்டினார்கள். ஒன்று, பித்தளை முனைக்குள் கண்ணாடிக் கோலி வைத்த டியூப். பெட்ரோலுக்குள் விட்டு மேலும் கீழும் குலுக்கினால் தானே பாயத் தொடங்கும். டிரம்மிலிருந்து எடுக்க அதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் காரில் பெட்ரோல் ஊற்றும் வாய்க்குழாய் சாய்ந்து வளைந்து போவதால் குலுக்க இடமே இருக்காது. அதனால் நடுவில் ரப்பர் குமிழ் உள்ள இரண்டாவது வகையை எடுத்தேன். குமிழின் இரு முனையிலும் ஒருவழி வால்வு. குமிழின் மேல் உள்ள அம்புக்குறி, பெட்ரோல் பிடிக்கும் டின்னை நோக்கி இருக்க வேண்டும். சில முறை அமுக்கினால் டியூப் நிறைந்துவிடும். பிறகு கையை எடுத்துவிடலாம்.

ஆனால் டேங்கில் உள்ள பெட்ரோலின் மட்டத்தைவிட டின் தாழ்ந்திருந்தால்தான் தானாகப் பாயும். மாருதி 800-இன் டேங்க் தரையை ஒட்டித் தொங்குவது. பக்கத்தில் உயரமான கேனை வைத்தால் அது பாதி நிறைவதற்குள் ஓட்டம் நின்றுவிடும். ஐந்து லிட்டர் தகர டின்கள்தான் இதற்குச் சரி. டின்னைத் தரையில் வைத்து, டியூபின் முனை டின்னின் அடியைத் தொடும்படி விடுங்கள். பெட்ரோல் சிதறி விழுந்தால் நிலைமின்சாரம் உண்டாகித் தீப்பொறி பறக்கலாம். பிளாஸ்டிக் குடம் வேண்டவே வேண்டாம். 1934-ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டம், விற்பனைக்கு அல்லாமல் 30 லிட்டர் வரை உரிமம் இல்லாமல் வைத்திருக்க அனுமதிக்கிறது. அதையும் இறுக மூடிய, 25 லிட்டருக்கு மேற்படாத உலோகக் கலத்தில் வைக்கச் சொல்கிறது. கண்ணாடி என்றால் ஒரு லிட்டர்தான்.

காரை வெளியே தள்ளி வெட்டவெளியில் வைத்து, பேட்டரி வயரைக் கழற்றிவிட்டே தொடங்கினோம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போய், தொலைவில் எரியும் அடுப்பில்கூடப் பற்றிக்கொள்ளும்.

பம்பில் எனக்கு இரண்டு மனக்குறைகள். டியூப் சுருட்டியே பெட்டியில் வந்ததால் அந்த வளைவு போகவில்லை; டேங்குக்குள் விட்டதும் முனை மேல்நோக்கித் திரும்பிக்கொண்டது. வெந்நீரில் ஊறவைத்து, நேராக்கி, உள்ளும் புறமும் நன்றாக உலர்த்திய பிறகுதான் உள்ளே இறங்கியது. அடுத்தது, குமிழும் டியூபும் சேரும் இரண்டு இடங்களிலும் இறுக்கிப் பிடிக்கும் கிளிப் கிடையாது. லேசாகக் கசிந்தது. கிளிப் தனியாக வாங்கி முறுக்கினேன். தீப்பிடிக்கும் பொருளைக் கையாளும் கருவிக்கு இதைக்கூடவா சேர்த்துத் தரக் கூடாது?

முதலில் வந்த பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பார்த்தேன். தேநீர் டிகாக்ஷன் நிறம், வார்னிஷ் வாடை. பழைய பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி முதலில் போய்விடும். மிச்சம் காற்றோடு சேர்ந்து பிசினாகும். அந்தப் பிசின்தான் கார்புரேட்டரில் பெட்ரோல் பாயும் சிறு துளையான ஜெட்டை அடைக்கிறது. கடைசியாக வந்ததைப் பிடித்த பாட்டிலில் கலங்கலான ஓர் அடுக்கு அடியில் தனியாகப் பிரிந்து நின்றது. எத்தனால் கலந்த பெட்ரோல் நீரை இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் நீருமாகப் பிரிந்து அடியில் தங்கிவிடும். அப்படிப் பிரிந்ததைப் புதுப் பெட்ரோல் ஊற்றிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்தது என்பதால், நிறுத்தி வைத்த வண்டிக்கு இந்தக் கவலை கூடுதல்தான்.

இந்த அடித்தண்ணீரை முழுவதும் எடுக்க எந்தப் பம்பாலும் முடியாது. 28 லிட்டர் டேங்கில் டியூப் தொடாத மூலை இருக்கவே செய்யும். எங்கள் மெக்கானிக் அண்ணன், “இதோடு விட்டால் துரு அப்படியே நிற்கும் தம்பி, டேங்கை இறக்கிவிடலாம்” என்றார். இறக்கிக் கவிழ்த்தபோது துருச் செதிலும் தண்ணீருமாகக் கொட்டியது. பெட்ரோல் ஃபில்டரையும் சேர்த்து மாற்றினார். எடுத்த பழைய பெட்ரோலைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாமல், கழிவு எண்ணெய் சேகரிக்கும் பட்டறையில் கேட்டு ஒப்படைத்தோம்.

பழைய மாடல் கார், பைக், ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் இந்தக் குமிழ் பம்பை நம்பி வாங்கலாம். கிளிப் இரண்டையும் கையோடு வாங்கிவிடுங்கள். புதிய கார்க்காரர்கள் வாங்க வேண்டாம். பல புதிய கார்களில் வாய்க்குழாயிலேயே தடுப்பு இருப்பதால் டியூப் இறங்காது. பலவந்தமாகத் திணித்தால் தடுப்பு உடையும். மெக்கானிக்கை அழைத்து, காரின் சொந்தப் பெட்ரோல் பம்பை இயக்கியே வெளியேற்றச் சொல்லுங்கள்.