மாமாவின் பந்தலுக்குள் குதிப்பதா, ஓரத்தில் தட்டுவதா?

கோ என்பது கறுப்பு, வெள்ளைக் கற்களைக் கோடுகளின் சந்திப்புகளில் மாறி மாறி வைத்து, யார் அதிக இடத்தை வளைக்கிறார் என்று பார்க்கும் பலகை ஆட்டம். அதில் எதிராளி பெரிதாகப் பந்தல் போட்டுவிட்டால் என்ன செய்வது? நான் பந்தல் என்று சொல்வது, இன்னும் முழுதாகச் சொந்தமாகாத பெரிய வளைப்பை; ஜப்பானியர் இதை மோயோ என்பார்கள். கால் நட்டாயிற்று, கீற்று வேயவில்லை. அதைக் கட்டி முடித்த வீடாக நினைத்து மிரள்கிறவர்கள் உண்டு. வெறும் கழிகள்தானே என்று உள்ளே குதிக்கிறவர்களும் உண்டு. நான் இரண்டாவது ரகம்.

மதுரைக்காரருக்குப் பலகையை விளக்குவது எளிது. குறுக்கே 19 கோடு, நெடுக்கே 19 கோடு, மொத்தம் 361 சந்திப்புகள். மீனாட்சி கோயிலைச் சுற்றிய வீதிகளை நினைத்துக்கொள்ளுங்கள்: விளிம்புக் கோடு வெளி வீதி. உள்ளே வர வர மாசி வீதி, ஆவணி மூல வீதி, சித்திரை வீதி, ஆடி வீதி. ஆவணி மூல வீதியில் வைக்கும் கல் ஓரத்து இடத்தைப் பிடிக்கும். சித்திரை வீதியில் வைக்கும் கல் நடுப்பலகையைப் பார்த்து நிற்கும். என் மாமா கறுப்பு ஆடினால் கீழச் சித்திரை வீதியின் இரு முனையிலும் நடுவிலும் ஒவ்வொரு கல் வைத்துவிடுவார். சான்ரென்செய் என்று இதற்குப் பெயர். 1988, 1989 இரண்டு ஆண்டும் ஃபுஜிட்சு கோப்பையை வென்ற ஜப்பானிய வீரர் டாக்கேமியா மசாகி இந்தப் பாணிக்குப் பேர்போனவர். மாமாவின் கற்கள் மட்டும் ஜப்பானியக் கற்கள் அல்ல. புது மண்டபத்தில் தையல்காரர்கள் இருந்த நாளில் வாங்கிய சட்டைப் பொத்தான்கள், கறுப்பு 181, வெள்ளை 180.

முதல் வழி, உள்ளே குதிப்பது. முனைக் கல்லுக்குக் கீழே, ஆவணி மூல வீதி திரும்பும் மூலையில் இறங்கினால் பெரும்பாலும் பிழைத்துவிடலாம். ஆனால் பிழைப்பதற்குள் எதிராளி வெளியே சுவர் எழுப்பிவிடுவார். பந்தலுக்குக் கூரையை நாமே வேய்ந்து கொடுத்த கதை. முன்பு இதற்காகவே ஆட்டத் தொடக்கத்தில் யாரும் அங்கே இறங்கமாட்டார்கள். கோ ஆடும் கணினிகள் வந்தபின் அந்தத் தயக்கம் போய்விட்டது. பந்தலின் நடுவில் குதிப்பது வேறு விஷயம். கூட்டம் சாகாமலிருக்க இரண்டு கண் (நம் கற்கள் சூழ்ந்த இரண்டு தனித்தனிக் காலியிடங்கள்) கட்ட இடம் வேண்டும், வெளியே ஓட வழி வேண்டும், பக்கத்தில் நம்முடைய நோஞ்சான் கூட்டம் எதுவும் இருக்கக் கூடாது.

இரண்டாவது வழி, ஓரத்தில் தட்டிச் சுருக்குவது. பந்தலின் இரண்டு முனைக் கால்களுக்கு நடுவே கற்பனையாக ஒரு கயிறு கட்டுங்கள். அந்தக் கயிற்றின் மேல், அல்லது சற்று வெளியே, கல் வைக்க வேண்டும். எதிராளியின் கல்லுக்குத் தோளில், அதாவது மூலைவிட்டமாக மேலே வைக்கலாம்; ஒரு சந்திப்பு விட்டு நேர் மேலே தொப்பியாகக் கவிழ்க்கலாம். 2016 மார்ச்சில் சியோலில் கொரிய வீரர் லீ செடோலுடன் ஆடிய இரண்டாம் ஆட்டத்தில் ஆல்பாகோ என்ற கணினி நிரல் வைத்த 37ஆவது கல் இப்படி ஒரு தோள் அடிதான். அதுவும் ஆடி வீதியில்! அவ்வளவு உயரத்தில் தோளில் வைப்பது அதுவரை வழக்கமில்லை. இந்த வழிக்கும் விலை உண்டு. கயிற்றுக்கு உள்ளே இருப்பதை எதிராளிக்கு எழுதிக் கொடுத்த மாதிரி.

எழுதிக் கொடுத்தால் கட்டுப்படியாகுமா என்பதுதான் கேள்வி. போன மாதம் மொட்டை மாடியில் ஆடியபோது என்னிடம் உறுதியான இடம் 48 புள்ளி; இரண்டாவதாக ஆடும் வெள்ளைக்குரிய ஈட்டுத்தொகை 6.5 சேர்த்தால் 54.5. மாமாவுக்கு மற்ற இடங்களில் 22. கயிற்றுக்குள் 25 கொடுத்தால்கூட 47தான். ஒரு தொப்பி போதும், ஏழரைப் புள்ளியில் ஜெயித்திருப்பேன். இதெல்லாம் மறுநாள் போட்ட கணக்கு. அன்றைக்கு அவருக்கு 25 விடுவதா என்று நடுவில் குதித்தேன். ஒன்பது பொத்தான்கள் செத்தன. துரத்தி வந்த கறுப்பு, இடப்பக்கம் ஒட்டிக்கொண்டிருந்த என் இன்னொரு கூட்டத்தையும் நெரித்துவிட்டது.

“எண்ணிப் பார்த்தாயா மாப்பிள்ளை?” என்றார் மாமா, செத்த பொத்தான்களை டப்பா மூடிக்குள் பொறுக்கிப் போட்டபடி.

மூன்றாவது வழி, அவர் பந்தலைக் கண்டுகொள்ளாமல் நாமும் எதிரே ஒன்று போடுவது. இரண்டு பந்தலும் உரசும் இடத்தில் முதலில் கல் வைப்பவருக்கு லாபம் இரட்டிப்பு. ஆட்டத் தொடக்கத்தில் சரி. நூறு கல் விழுந்தபின் அந்த இடம் காலியாக இருப்பது அபூர்வம்.

என் ஓட்டு இரண்டாவதற்கு. கயிற்றுக்கு உள்ளே உள்ளதைக் கொடுத்தால் தோற்போம் என்று எண்ணித் தெரிந்தால் மட்டும் குதிப்பேன். எண்ண எனக்கு ஐந்து நிமிடம் ஆகிறது. அதற்குள் மாமா கீழே போய் காபி குடித்துவிட்டு வந்துவிடுகிறார்.