பற்றரி நல்லது, வயர்தான் வினை: நிலாவெளித் தோட்டத்தில் மூன்று வருட லித்தியம்

திருகோணமலைப் பக்கம் நிலாவெளியில் எங்களுக்கு ஒரு சின்ன வெங்காயத் தோட்டம் இருக்கிறது. கடலில் இருந்து அரைக் கிலோமீற்றர் வராது. கரண்ட் இல்லை, ரோட்டில் இருந்து லைன் இழுப்பதென்றால் ஐந்தாறு தூண் நட வேண்டும். 2022 வரைக்கும் மண்ணெண்ணெய் பம்ப்பும், பழைய லொறிப் பற்றரி ஒன்றில் எரிகிற இரண்டு பல்பும்தான் அங்கே இருந்தன. அந்த வருடம் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மார்ச் 31 ஆம் திகதி நாடு முழுக்க 13 மணி நேரம் கரண்ட் கட். போதும் என்று முடிவெடுத்து 2023 தொடக்கத்தில் சோலார் போட்டேன்.

330 வாட் பனல் ஒன்று, 30 அம்பியர் எம்.பி.பி.டி. கொன்ட்ரோலர் (பனல் கரண்டை அளவோடு பற்றரிக்குள் விடும் பெட்டி), 12.8 வோல்ட் 100 அம்பியர்-மணி லித்தியம் பற்றரி ஒன்று, 1000 வாட் இன்வெர்ட்டர். அரைக் குதிரைவலு பம்ப், நாலு பல்பு, ஒரு ஃபேன், போன் சார்ஜ். கொட்டிலில் தங்குவது மனைவியின் தம்பி. மூன்று வருடம் தாண்டிவிட்டது. இந்த மூன்று வருடத்தில் பற்றரியால் வந்த தொல்லை ஒன்றுகூட இல்லை. வந்ததெல்லாம் வயரால், வயர் நுனியில் அழுத்திப் பூட்டும் லக்கால், செட்டிங்கால், வெயிலால். அதனால் பற்றரியின் பெருமையைக் குறைத்து, அதைச் சுற்றியுள்ளதைத்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

முதலில் ஒரு விஷயம். லித்தியம் என்றாலே போன் வெடித்த வீடியோவைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். இது லித்தியம் இரும்பு பொஸ்பேட். போனில் இருக்கும் வகை இல்லை. சூட்டை அதைவிட நன்றாகத் தாங்கும். ஒரு செல் 3.2 வோல்ட், முழுக்க ஏறினால் 3.65. நாலு செல் தொடராக வைத்தால் 12.8, உச்சம் 14.6. அதனால் 12 வோல்ட் சாமான்கள் எல்லாம் அப்படியே வேலை செய்யும். இங்கேதான் ஏமாற்றம் ஆரம்பிக்கிறது: பழைய பற்றரி இருந்த இடத்தில் இதை வைத்து, பழைய வயரையே மாட்டிவிடலாம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது.

பம்ப் போட்டவுடன் இன்வெர்ட்டர் கத்திவிட்டு நின்றுவிடும். நாலு தடவைக்கு ஒரு தடவைதான் பம்ப் ஓடும். லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய பற்றரி போலி என்று நினைத்து இரண்டு இரவு தூக்கமில்லை. பிறகு மல்டிமீட்டரை எடுத்து, பம்ப் தொடங்கும் நேரத்தில் பற்றரி முனையிலும் இன்வெர்ட்டர் முனையிலும் அளந்தேன். பற்றரியில் வோல்ட் அவ்வளவாக இறங்கவில்லை. இன்வெர்ட்டர் முனையில் அதைவிட ஒன்றரை வோல்ட் குறைவு. இடையில் இருந்தது 16 சதுர மில்லிமீற்றர் வயர், போக மூன்று மீற்றர், வர மூன்று மீற்றர். செம்பின் தடைக்கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 0.0175 ஐ 6 ஆல் பெருக்கி 16 ஆல் வகுத்தால் 0.0066 ஓம். சும்மா ஓடும்போது 50 அம்பியருக்கு அது பெரிய விஷயமில்லை. ஆனால் மோட்டார் தொடங்கும் அந்தக் கணத்தில் 150 அம்பியருக்கு மேல் இழுக்கும். வயரில் மட்டுமே ஒரு வோல்ட் போய்விடும். மிச்சத்தைத் தின்றது லக்.

இன்வெர்ட்டரைப் பற்றரிக்குப் பக்கத்துக்குக் கொண்டுவந்து, ஒரு மீற்றர் தூரத்துக்கு 25 சதுர மில்லிமீற்றர் வெல்டிங் கேபிள் போட்டேன். அன்றிலிருந்து பம்ப் ஒருநாளும் மறுத்ததில்லை. நீளமாக இழுக்க வேண்டியது இன்வெர்ட்டருக்குப் பின்னால் வரும் 230 வோல்ட் வயர். 12 வோல்ட் வயர் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது.

லக் கதைக்கு வருகிறேன். முதலில் வயர் போட்ட எலக்ட்ரீஷியன் லக்கைச் சுத்தியலால் தட்டித்தான் இறுக்கினார். பார்க்க உறுதியாகத்தான் இருந்தது. பத்தாம் மாதம் போல ஒரு நாள் கொட்டிலில் கருகல் வாசனை. நேர்முனை லக்கின் பிளாஸ்டிக் உறை உருகிக் கறுத்திருந்தது. வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்பு இழைகளுக்கு நடுவில் வெற்றிடம், அதற்குள் பச்சைக் களிம்பு. நிலாவெளி உப்புக்காற்றுக்கு அந்தச் சந்து போதும். களிம்பு கூடினால் தடை கூடும், தடை கூடினால் சூடு கூடும், சூடு கூடினால் களிம்பு இன்னும் வேகமாகப் பிடிக்கும். டவுனில் ஹைட்ரோலிக் கிரிம்பர் வைத்திருக்கும் ஒரு கடையில் எல்லா லக்கையும் புதிதாக அழுத்தி, மேலே பசை உள்ள சுருங்கும் குழாயும் போட்டுக்கொண்டு வந்தேன். இறுக்கிய பிறகு முனைகளில் மெல்லியதாக வாஸ்லின். இறுக்குவதற்கு முதல் பூசக் கூடாது. கிடைத்தால் வெள்ளீயம் பூசிய செம்புக் கேபிள் வாங்குங்கள். படகுக்காரர்கள் அதைத்தான் தேடுவார்கள்.

பியூஸ் இல்லாமல் லித்தியம் பற்றரி வைத்திருப்பவர்களை நான் இந்தப் பக்கத்திலேயே பார்த்திருக்கிறேன். 100 அம்பியர்-மணிப் பற்றரியின் இரு முனையும் நேராகத் தொட்டால் கணத்துக்குள் ஆயிரக்கணக்கான அம்பியர் பாயும். எப்படித் தெரியும்? ஸ்பானர் நழுவி நானே தொட வைத்தேன். ‘டப்’ என்று ஒரு வெளிச்சம். ஸ்பானரில் அரிசியளவு ஒரு குழி. பற்றரிக்குள்ளேயே இருக்கும் காவல் சர்க்கிட்டான பி.எம்.எஸ். உடனே துண்டித்ததால் பிழைத்தேன். இப்போது ஸ்பானர் பிடி முழுக்க இன்சுலேஷன் டேப், கையில் மோதிரம் இல்லை. பியூஸ் பற்றரியின் நேர்முனைக்கு ஒட்டியே இருக்க வேண்டும். இன்வெர்ட்டர் பக்கம் வைத்தால் இடையில் இருக்கும் வயருக்குக் காவல் இல்லை. பியூஸ் காப்பாற்றுவது வயரைத்தான். வயர் எத்தனை அம்பியர் தாங்குமோ அதற்குக் கீழே, நம் பாவனைக்கு மேலே ஓர் அளவு. எனக்கு 125. காருக்குப் போடும் சின்னக் கத்தி பியூஸ் இந்த இடத்துக்குச் சரிவராது. இவ்வளவு பெரிய மின்னோட்டத்தை அறுத்து நிறுத்தும் தகுதி உள்ளதாக வேண்டும்.

பனல் வரும் வயரில் வீட்டுக்குப் போடும் சாதாரண பிரேக்கரைத்தான் போட்டிருந்தார்கள். வீட்டுக் கரண்ட் வினாடிக்கு 100 தடவை பூச்சியத்தைத் தொட்டுவிட்டுப் போகும். பிரேக்கர் பிரியும்போது எழும் பொறி அந்த நேரத்தில் அணைந்துவிடும். சோலார் கரண்ட் பூச்சியத்துக்கு வருவதே இல்லை. உச்சி வெயிலில் அந்த பிரேக்கரை இறக்கியபோது உள்ளே பொறி நின்று எரிகிற சத்தம் கேட்டது. அடுத்த நாளே இப்படி நிற்காமல் ஓடும் கரண்டுக்கான டி.சி. பிரேக்கர் மாற்றினேன். அதிலும் சிலவற்றுக்குத் திசை உண்டு, நேர் எதிர் பார்த்து மாட்ட வேண்டும்.

இனி சார்ஜ். கொன்ட்ரோலர் வந்தபடியே ஈயப் பற்றரி செட்டிங்கில் இருந்தது, நான் பார்க்கவில்லை. அதில் மாதத்துக்கு ஒரு தடவை சமப்படுத்தல் என்று ஒன்று வரும். வோல்ட்டைப் பதினாலரைக்கு மேலே ஏற்றும். ஈயப் பற்றரிக்கு அது மருந்து. லித்தியத்தில் ஒரு செல் 3.65 ஐத் தாண்டியவுடன் பி.எம்.எஸ். கதவைச் சாத்திவிடும். பனலில் இருந்து வரும் கரண்ட் போக இடமில்லாமல் பல்பு லைனில் குதித்தது. இரண்டு பல்பு போனது. இப்போது 14.2 வரை ஏற்றி அரை மணி நேரம் பிடித்து, பிறகு 13.5 க்கு இறங்கும்படி வைத்திருக்கிறேன். சமப்படுத்தல் இல்லை, வெப்பநிலைக்கேற்ப வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் வசதியும் இல்லை. 14.6 வரை ஏற்றலாம்தான். கடைசித் துளிக்காக விளிம்பில் நிற்க எனக்கு விருப்பமில்லை. பி.எம்.எஸ். என்பது வீட்டு நாய் மாதிரி. அது இருக்கிறது என்பதற்காகக் கேட்டைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்கக் கூடாது. மாட்டும்போது முதலில் பற்றரி, பிறகு பனல். கழற்றும்போது முதலில் பனல். இந்த ஒழுங்கைச் சுவரில் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன்.

வோல்ட் மீட்டரை நம்ப முடியாது என்பதை ஒரு மழை இரவில் கற்றோம். “அத்தான், 13 காட்டுது, ஒண்டும் யோசிக்காதீங்க” என்று தம்பி போனில் சொன்னார். விடியமுன் எல்லாம் இருட்டு. இந்தப் பற்றரி பாதிக்கு மேல் தீர்ந்த பிறகும் பதின்மூன்றைச் சுற்றியே நிற்கும். கடைசியில் ஒரேயடியாக விழும். காலையில் அளந்தால் பூச்சியம். வெயில் வந்தும் கொன்ட்ரோலர் எழும்பவில்லை. பதினொரு கிலோ பற்றரியை உரப்பையில் கட்டி, சாம்பல்தீவு வழியாக பஸ்ஸில் டவுனுக்குக் கொண்டுபோனேன், ஒரு பிரேதத்தைக் கொண்டுபோகிற முகத்தோடு. கடைக்காரர் லித்தியம் சார்ஜரை மாட்டினார். பத்து வினாடியில் உயிர் வந்தது. பி.எம்.எஸ். தூங்கியிருக்கிறது, அவ்வளவுதான். காசு வாங்கவில்லை, சிரித்தார். வரும்போதே ஷன்ட் உள்ள மீட்டர் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தேன். உள்ளே போன அம்பியரையும் வெளியே வந்ததையும் எண்ணி, மிச்சம் எத்தனை சதவீதம் என்று காட்டும். 20 வீதத்தில் பம்ப் நிற்க வேண்டும் என்பது இப்போது கொட்டில் சட்டம்.

இரண்டாம் வருடம் அதே வகையில் இன்னொரு பற்றரி சேர்த்தேன். இரண்டையும் தனித்தனியாக முழுக்க ஏற்றி, வோல்ட் ஒன்றாக இருப்பதைப் பார்த்த பிறகே சமாந்தரமாக இணைத்தேன். இல்லாவிட்டால் நிறைந்தது மற்றதற்குள் வெள்ளமாகக் கொட்டும். இன்வெர்ட்டருக்கு நேர்முனையை ஒன்றிலிருந்தும் எதிர்முனையை மற்றதிலிருந்தும் எடுத்திருக்கிறேன், இரண்டும் ஒரே அளவு வேலை செய்யட்டும் என்று. ஒவ்வொன்றுக்கும் தனி பியூஸ்.

வெயில். கச்சான் என்கிற வறண்ட சூட்டுக் காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே பற்றரி 43 பாகை காட்டியது. அதற்காக உடனே கெட்டுவிடாது, ஆனால் ஆயுள் கரையும். வடக்குச் சுவரோரம் கிடுகு வேய்ந்த ஒரு சாய்ப்பு இறக்கி, நிலத்தில் இருந்து ஓரடி உயரத்தில் பலகையில் வைத்த பிறகு 36 ஐத் தாண்டுவது அபூர்வம். மாரியில் வேறு பிரச்சினை. கார்த்திகையில் நாலு நாள் வெயில் வராது. பற்றரி நிறையவே நிறையாது. நிறைந்தால்தான் பி.எம்.எஸ். செல்களைச் சமன் செய்யும், அது மேல்நுனியில் மட்டும் நடக்கிற வேலை. தை மாதம் பார்த்தால் ஒரு செல் மற்றவற்றைவிட 0.12 வோல்ட் முந்தி நின்றது. பம்பைக் குறைத்து, மூன்று நாள் மெதுவாக முழுக்க ஏற விட்டதும் ஒழுங்குக்கு வந்தது.

பக்கத்துத் தோட்டக்காரர் தன் பட்டா லொறியில் இருந்து நேராக வயர் கொடுத்துச் சார்ஜ் பண்ணலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். இந்தப் பற்றரி கேட்டுக் கேட்டு வாங்கும். லொறி இஞ்சினோடு சுற்றிக் கரண்ட் தரும் ஆல்டர்னேட்டர் தன்னால் முடிந்த முழுவதையும் விடாமல் கொடுத்து எரிந்துபோகும். இடையில் அளவோடு கொடுக்கும் டி.சி. சார்ஜர் வேண்டும். கராஜ் சார்ஜரில் ‘பற்றரி திருத்தும்’ பட்டன் இருந்தால் அதன் பக்கமே போக வேண்டாம்.

2025 பெப்ரவரி 9, ஞாயிறு, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடே இருண்டது என்று செய்தி வந்ததே, அன்று நான் தோட்டத்தில்தான் நின்றேன். வீட்டில் இருந்து போன் வரும்வரைக்கும் ஃபேனுக்குக் கீழே எனக்கு ஒன்றும் தெரியாது.

போன மாதம் பழைய பற்றரியைத் தனியாகக் கழற்றி, நிறைத்து, பல்பு பூட்டி, பி.எம்.எஸ். வெட்டும்வரை இறக்கினேன். மீட்டர் 95 அம்பியர்-மணி எண்ணியது. மாதம் ஒரு சனிக்கிழமை பம்ப் ஓடும்போது ஒவ்வொரு லக்கிலும் விரல் வைத்துப் பார்ப்பேன். போன தடவை புதுப் பற்றரியின் எதிர்முனை லேசாகச் சுட்டது. இந்தச் சனி அதைக் கழற்ற வேண்டும்.