தமிழ் வகுப்பறையில் கைப்பேசியும் புரொஜெக்டரும்: ஒரு மொழி ஆசிரியையின் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றால் இலங்கையெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டபோதுதான் கற்பித்தலுக்காகக் கணினியையும் கைப்பேசியையும் நான் முறையாகப் பழகத் தொடங்கினேன். திருகோணமலையில் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கான வகுப்புகளுக்குத் தமிழ்மொழியும் இலக்கியமும் கற்பிப்பவள் என்ற முறையில், அன்று முதல் பயன்படுத்தியவற்றுள் எவை என் வகுப்பில் நிலைத்தன, எவை நிலைக்கவில்லை என்பதைப் பதிவுசெய்ய விரும்புகிறேன். பிள்ளை தான் பேசியதைத் திரும்பக் கேட்பதற்கும், தான் எழுதியதைத் திரும்பப் பார்ப்பதற்கும் ஒரு கருவி எவ்வளவு உதவுகிறது என்பதைக் கொண்டே அதனை மதிப்பிடுகிறேன்.

எல்லாவற்றிலும் மேலாக நிலைத்தது வட்ஸ்அப் குரல்பதிவு. சூம் வகுப்புகள் நடந்த காலத்தில் நகருக்கு வெளியே, குறிப்பாகக் குச்சவெளி, மூதூர்ப் பக்கங்களிலிருந்து இணைய முயன்ற பிள்ளைகளுக்கு அலைவரிசை போதவில்லை. டேட்டாவுக்குப் பணமும் போதவில்லை. கடலுக்குப் போகும் தகப்பன் வீடு திரும்பிய பின்னரே சில வீடுகளில் கைப்பேசி பிள்ளையின் கைக்கு வரும். ஒரு நிமிடக் குரல்பதிவு ஒரு மெகாபைட்டைக்கூட எட்டுவதில்லை என்பதாலும், எந்த நேரத்திலும் திறந்து கேட்கலாம் என்பதாலும் அந்தப் பிள்ளைகளுக்கு அதுவே வகுப்பறையானது. பாடசாலைகள் மீண்டும் திறந்த பிறகும் நான் அதனை விடவில்லை. நம் பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகவே ஒலிப்பதால், வாழைக்கும் வாளைக்கும் உள்ள வேறுபாட்டை வாசிப்பின்போது எடுத்துச் சொன்னாலும் அது அந்தக் கணத்தோடு மறைந்துவிடுகிறது. வீட்டில் ஒரு செய்யுளை வாசித்துப் பதிவுசெய்து, என் வாசிப்பையும் தன் வாசிப்பையும் அடுத்தடுத்துக் கேட்கும் பிள்ளை தன் நா எங்கே பிறழ்கிறது என்பதைத் தானே கண்டுகொள்கிறது. பலர் முன்னிலையில் வாய்திறக்கக் கூச்சப்படும் பிள்ளைகள் தங்கள் வாசிப்பை எனக்கு மட்டும் அனுப்பி, பின்னர் வகுப்பிலும் துணிந்து வாசித்தது எனக்குப் பெரும் மகிழ்ச்சி தந்தது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் அவசியம். பேசினால் எழுத்தாக்கித் தரும் வசதியை உச்சரிப்புப் பயிற்சிக்குப் பரிந்துரைப்போர் இருக்கிறார்கள். அது சொற்களின் சூழலை வைத்து ஊகித்து எழுதுவதால், ‘வாளைப்பழம்’ என்று பிள்ளை சொன்னாலும் ‘வாழைப்பழம்’ என்றே திரையில் காட்டக்கூடும். பிழை திருத்தப்படாமலே மறைந்துவிடும். கட்டுரைக்கான கருத்துகளை விரைவாகத் திரட்டுவதற்கு அது நல்லது. உச்சரிப்பைக் கணிக்க ஆசிரியரின் செவிதான் வேண்டும்.

புரொஜெக்டரைப் பொறுத்தவரை, அழகான காட்சிகளைத் தயாரிப்பதில் செலவழித்த நேரத்துக்கு ஏற்ற பயன் கிடைக்கவில்லை என்றே சொல்வேன். மாறாக, ஒரு பிள்ளையின் கட்டுரையை அதன் சம்மதத்தோடு, பெயரை மறைத்துப் படமெடுத்துத் திரையில் காட்டி வகுப்பே சேர்ந்து செப்பனிடும் பாடம் மிகுந்த பலன் தந்தது. ‘வேலையைச் செய்தான்’ என்பதில் மிகும் வல்லினம் ‘வேலை செய்தான்’ என்பதில் ஏன் மிகாது என்ற விவாதம், கொப்பியில் சிவப்பு மையால் இட்ட திருத்தத்தைவிட ஆழமாகப் பதிகிறது. ஆனால் அரைச்சுவர் வகுப்பறைகளில் காலை வெயில் நேரே திரையில் விழுகிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் புழுதி வடிகட்டியில் படிந்து கருவி சூடேறுகிறது. தடித்த திரைச்சீலையும் ஒழுங்கான துப்புரவும் இல்லாத இடத்தில் புரொஜெக்டரால் அதிக பயனில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்களில், மின்னேற்றிய கைப்பேசியும் கரும்பலகையும் மட்டுமே துணைநின்றன.

தொட்டு எழுதக்கூடிய மின்திரையான ஸ்மார்ட் போர்ட்டை, பல வகுப்புகளும் பகிர்ந்துகொள்ளும் அறையொன்றில் மட்டுமே நான் பயன்படுத்தியுள்ளேன். ஒரு பாடவேளைக்குள் பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்று திரும்புவதிலேயே நேரம் கரைவதால் மொழிப்பாடத்துக்கு அதை வலியுறுத்த மாட்டேன். கூகுள் படிவங்களில் பலவுள் தெரிவு வினாக்கள் நன்றாக அமைகின்றன. சிறுவிடை வினாக்களில், கொடுத்த விடையோடு எழுத்துக்கு எழுத்துப் பொருந்தாவிட்டால் சரியான விடைக்கும் புள்ளி கிடைக்காது என்பதால் அவற்றை நானே திருத்துகிறேன்.

கூடுதல் உழைப்பைக் கோரியது தமிழ்த் தட்டச்சுதான். எங்கள் பழைய வினாத்தாள்கள் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் உள்ளவை. பாமினி, ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் எழுத்துரு. அது இல்லாத கைப்பேசியில் அந்த ஆவணத்தைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளின் குவியலே தெரியும். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யுனிகோட்டுக்கு மாறும்போது கையின் பழக்கமும் மாற வேண்டியிருந்தது. பாமினியில் கொம்பை முதலில் தட்டி மெய்யைப் பின்னர் தட்டுவோம். யுனிகோட்டில் கொம்பு திரையில் மெய்யெழுத்துக்கு முன்னால் தெரிந்தாலும் சேமிப்பில் மெய்யெழுத்துக்குப் பின்னரே நிற்கிறது. இதனை விளங்கிக்கொண்ட பிறகு, எழுத்துகளின் பிறப்பையும் புணர்ச்சியையும் கற்பிக்கும்போது உயிர்மெய் என்பது மெய்யும் உயிரும் சேர்ந்தது என்பதை விசைப்பலகையிலேயே காட்ட முடிந்தது. யுனிகோட்டில் சேர்த்த வினாக்களுள் வேண்டிய இலக்கணப் பகுதியைத் தேடி எடுக்க முடிவதும், பிள்ளைகள் அவற்றை எந்தக் கைப்பேசியிலும் படிக்க முடிவதும் அந்த உழைப்புக்குத் தகுந்த பயன்.

தமிழ்ப் பாடத்துக்கென்று சிறிதளவு நிதி கிடைக்கும் பாடசாலைகள், குரல்பதிவுகளைப் பின்வரிசை வரை தெளிவாகக் கேட்கச் செய்யும் மின்கல ஒலிபெருக்கி ஒன்றை முதலில் வாங்கலாம். அடுத்துத் திரைச்சீலை, அதன் பின் புரொஜெக்டர். பழைய வினாத்தாள்களை யுனிகோட்டுக்கு மாற்றும் வேலைக்குப் பணம் தேவையில்லை. ஆசிரியர்கள் தரவாரியாகப் பங்கிட்டுக்கொண்டால் அதை இந்தத் தவணையிலேயே ஆரம்பிக்கலாம்.