மெஸ்ஸுக்கு மாத அட்வான்ஸ் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

திருவல்லிக்கேணி பக்கம் மேன்ஷனில் தங்கி வேலைக்குப் போகிறவர்கள், வேலை தேடிக்கொண்டிருப்பவர்கள் எல்லோருக்கும் சொல்கிறேன். சாப்பாட்டுக்கு மொத்தமாகப் பணம் கட்டி டோக்கன் புத்தகம் வாங்காதீர்கள். நான் 3,600 ரூபாய் கட்டினேன். 26 வேளைதான் சாப்பிட்டேன். மிச்சம் 34 டோக்கன் என் பெட்டிக்குள் கிடக்கிறது.

எங்கள் மேன்ஷனில் அறைக்குள் சமைக்கக் கூடாது, கெட்டில் வைத்திருந்தாலே மேனேஜர் சத்தம் போடுவார். அதனால் எல்லா வேளையும் வெளியேதான். வாடகை போக, தாராபுரத்தில் வீட்டுக்கு அனுப்பியது போக, என் கையில் நிற்பது 6,000 ரூபாய். பக்கத்துத் தெரு மெஸ்ஸில் ஒரு சாப்பாடு 80 ரூபாய். 60 டோக்கன் சேர்த்து வாங்கினால் ஒன்று 60 ரூபாய்தான் என்றார் கல்லாவில் இருந்தவர். மாதத்துக்கு 1,200 ரூபாய் மிச்சம் என்றால் எனக்கு அது பெரிய தொகை, அதனால் அங்கேயே நின்று சரி என்றுவிட்டேன்.

ரசீது கேட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். "தம்பி, பில்லு போட்டா அஞ்சு பர்சென்ட் ஜிஎஸ்டி சேரும், உங்களுக்குத்தான் நஷ்டம்" என்றார். 3,600க்கு 180 ரூபாய். சரிண்ணே, வேண்டாம் என்றேன். இதைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும். வருடத்துக்கு 20 லட்சத்துக்கும் குறைவாக வியாபாரம் செய்யும் சின்னக் கடை ஜிஎஸ்டி பதிவே செய்ய வேண்டியதில்லை. காம்போசிஷன் முறையில், அதாவது மொத்த விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தைத் தன் கையிலிருந்தே வரியாகக் கட்டும் கடை, வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்கவே கூடாது. இரண்டிலும் வரி சேர்க்காமலே பில் தரலாம். கேட்டும் பில் தராமல் இருப்பதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்றே சொல்கிறது. அன்றைக்கு இது ஒன்றும் எனக்குத் தெரியாது. டோக்கன் புத்தகத்தின் அட்டையில் ரப்பர் ஸ்டாம்பால் ஒரு வட்ட முத்திரையைக் குத்திக் கொடுத்தார், அதில் கடைப் பெயர் மட்டும் இருந்தது, தேதி இல்லை, முகவரி இல்லை.

முதல் நான்கு நாள் குறையே சொல்ல முடியாது. வத்தக்குழம்பு வீட்டு ருசி. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. காசு கொடுத்துச் சாப்பிடுகிறவர் இலையில் அப்பளம் இருக்கும், என் இலையில் இருக்காது. கேட்டால் "டோக்கனுக்குத் தீர்ந்துடுச்சு" என்பார்கள். பார்சலுக்கு டோக்கன் செல்லாது, ஞாயிறு இரவு கடை கிடையாது, ஆனால் புத்தகம் 30 நாளில் காலாவதி. இதில் எதையும் பணம் வாங்கும்போது சொல்லவில்லை. ஒரு நாள் இரண்டரை மணிக்குப் போனேன். சப்ளையர் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு போய், கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்த டிரம்மில் ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு ஊற்றி, கரண்டியால் இரண்டு சுற்று சுற்றிவிட்டு நேரே என் இலைக்கு வந்தார். சோற்றில் ஊற்றியதும் தண்ணீர் தனியாக ஓடியது, கடுகும் கறிவேப்பிலையும் மட்டும் மேலே நின்றன. பசிக்கு அதையும் பிசைந்து சாப்பிட்டேன். அன்று இரவு முழுக்க வயிற்று வலி.

பதினைந்தாவது நாள் போனால் ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது, உள்ளே பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். புதிதாக ஒருவர் நின்றார். "கடை கை மாறிடுச்சு தம்பி, பழைய டோக்கன் செல்லாது, அவரையே கேளுங்க" என்றார். அவர் போன் சுவிட்ச் ஆஃப். எங்கள் மேன்ஷனில் மட்டும் ஏழு பேர் இப்படி ஏமாந்திருக்கிறோம், அதில் ஒரு பையன் வந்து இரண்டே நாள்தான் ஆகியிருந்தது, 60 டோக்கனில் மூன்றுதான் கிழித்திருந்தான். கணக்குப் பார்த்தால் எனக்கு ஒரு சாப்பாடு 138 ரூபாய்க்கு மேல் விழுந்திருக்கிறது.

அந்த மாதக் கடைசி வரை என்னைக் காப்பாற்றியது அம்மா உணவகம்தான். 1 ரூபாய் இட்லி, 5 ரூபாய் சாம்பார் சாதம், 3 ரூபாய் தயிர் சாதம். வரிசையில் நிற்க யோசிக்காதீர்கள், நான் முதலிலேயே அங்கே போயிருக்க வேண்டும்.

இப்போது நண்பர்கள் இருவரோடு ஐஸ் ஹவுஸ் பக்கம் ஒற்றை அறை வீட்டுக்கு மாறிவிட்டேன். முகவரிச் சான்று இல்லாதவர்களுக்கும் அடையாள அட்டை இருந்தால் 5 கிலோ சிலிண்டர் கிடைக்கிறது. முதல் மாதம் குக்கர், பாத்திரம் எல்லாம் வாங்கியதில் மிச்சம் எதுவும் இல்லை, அதை மறைக்க விரும்பவில்லை. இரண்டாவது மாதம் அரிசி, பருப்பு, காய், எண்ணெய், கேஸ் எல்லாம் சேர்த்துத் தலைக்கு 2,200 ரூபாய் ஆனது. தனி ஆளாக இருந்தால் இந்தக் கணக்கு வராது, வாங்கிய காய் பாதி வாடிப் போகும். அம்மா போனில், "கண்ணு, பருப்பு வேகறப்பவே ரெண்டு சொட்டு நல்லெண்ணெய் விடு, பொங்காது" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுக்கிறார். இப்போது என் சாம்பார் கெட்டியாக வருகிறது.

சமைக்கவே முடியாத இடத்தில் இருப்பவர்கள் அன்றன்றைக்குக் காசு கொடுத்தே சாப்பிடுங்கள், 20 ரூபாய் கூடப் போனாலும் பரவாயில்லை. கட்டாயம் என்றால் ஒரு வாரத்துக்கு மேல் கட்டாதீர்கள். சுவரில் உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் இருக்கிறதா என்று பாருங்கள், போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பணத்தை கூகுள் பேயில் அனுப்பினால் வரும் பெயரையும் பாருங்கள். எனக்கு வந்தது கடைக்காரர் பெயரே இல்லை, ஏதோ ஒரு பெண் பெயர், நான் கேட்கவில்லை. ஆனாலும் அந்தப் பரிமாற்ற விவரம்தான் இப்போது என்னிடம் இருக்கும் ஒரே ஆதாரம்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு அழைத்துப் புகார் பதிவு செய்திருக்கிறேன், புகார் எண் வந்திருக்கிறது, பணம் இன்னும் வரவில்லை. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே புகாருக்குக் கட்டணம் கிடையாது. ஏழு பேரில் மூன்று பேர் புகார் கொடுக்கச் சம்மதித்திருக்கிறார்கள். அதே மெஸ்ஸில் நீங்களும் ஏமாந்திருந்தால் மிச்ச டோக்கனைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள், முத்திரை தெரியும்படி அட்டையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள்.